வெயில் தும்மல்

பிச்சிப்பூவை லிஃப்டுக்குப் பக்கத்து ஜன்னலில்
கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.
மணம் ஆகாது கருமுட்டைகளுக்கு.
சென்ட் ஆகாது, பினாயில் ஆகாது.
முட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த உப்பும் ஆகாதென்று
நானாகவே இன்னொரு தடவை கை கழுவுவேன்.

வடசேரியில் மூன்றாவது மாடி.
முப்பத்தேழு டிகிரி, அரை இருட்டு.
ஆடிக் காற்றில் கரண்ட் போனால்
கீழே ஜெனரேட்டர் இருமித் தொடங்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது
நான் மட்டும்தான்.

இன்று விஜிலாவின் முட்டைகள், ஆறு.
அவளுக்கு முப்பத்தாறு வயது.
அவற்றுக்குச் சில மாதம் கூடுதல்.
அவள் பிறக்குமுன்பே உண்டாகி
பிரிகிற வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு
அவள் பி.எட். முடித்ததும்
தக்கலையில் கல்யாணம் ஆனதும் அறியாமல்
நின்றவை.

ஜஸ்டஸ் தந்தது எழுபது நாள் சரக்கு.
ஈஸ்டருக்கு இவை உலகத்திலேயே இல்லை.

ஜஸ்டஸுக்குக் குலசேகரத்தில் ரப்பர் நர்சரி.
ஒரு நாளில் இருநூறு கன்றுக்கு ஒட்டு கட்டும் கை.
நல்ல மரத்தின் மொட்டை
ஆயிரம் தண்டில் வைத்தால்
ஆயிரமும் அதே மரம்.
"எனக்க பிள்ளையும் எனக்க மாதிரிதானே வரும், மேடம்?"
பதிலுக்குச் சம்மதப் பாரத்தை நீட்டினேன்,
கையெழுத்து மூன்று இடத்தில்.

இது ஒட்டு இல்லை ஜஸ்டஸ்.
உன் அப்பா தந்த இழையையும் அம்மா தந்த இழையையும்
அங்கங்கே அறுத்து, மாற்றி முடிந்து,
இருபத்துமூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு
ஒவ்வொன்றும் தனித்தனியே புறப்பட்டிருக்கிறது.
எந்தப் பாதியைக் கொடுத்தாய்,
எதை விட்டாய்,
உனக்கே தெரியாது.
உன் மூக்கு இதில் இருக்கலாம்,
பக்கத்தில் துள்ளுவதில் இராது.

லென்ஸுக்கடியில் ஒன்றைப் பிடிக்கிறேன்.
ஏன் அதை?
நேராக நீந்தியது. அவ்வளவுதான்.
தலைக்குள் என்ன டிஎன்ஏ என்று நான் படித்ததில்லை.
வாலில் ஒரு தட்டு. அடங்குகிறது.
ஊசி தொட்டதும் முட்டையின் சுவர்
உள்வாங்கி உள்வாங்கி,
பிறகு விடும்.
எப்போது விடுமென்று கைக்குத் தெரியும்,
எனக்குத் தெரியாது.

வால் கரையும்.
ஓடிவந்த எஞ்சினும் கரையும்.
இனி அந்த வீட்டில் எரிகிற அடுப்பு முழுக்க
விஜிலாவின் அம்மா வழி அடுப்பு.

மறுநாள் காலை எட்டு மணி.
ஒன்றில் மூன்று வட்டம், ஒதுக்கினேன்.
ஒன்றில் ஒன்றுமே இல்லை.
நாலில் இரண்டிரண்டு வட்டம்,
ஒட்டி, ஆனால் இன்னும் கலக்காமல்.
அவள் பாதி எது, அவன் பாதி எது
என்று கேட்கக்கூடிய கடைசி சில மணி நேரம்.

ஜஸ்டஸுக்குப் போன் போட
ஜன்னலுக்கு வந்தேன்.
கட்டடங்களுக்கு மேலே வெயில் முகத்தில் அடித்ததும்
தும்மல்.

எங்கள் வீட்டில் வேறு யாரும்
வெயிலைப் பார்த்துத் தும்மமாட்டார்கள்.
அம்மா மாட்டாள். தங்கை மாட்டாள்.
நான் தும்மினால்
அம்மா மீன்சட்டியை ஓங்கி வைப்பாள்.
ஏனென்று பத்தாம் வகுப்பில்தான் சொன்னாள்.
எனக்கு இரண்டு வயதில், தங்கை வயிற்றிலிருக்க,
பஹ்ரைனுக்கு வள்ளத்தில் வேலைக்குப் போன ஆள்
தினமும் காலையில் கடலைப் பார்த்து
இப்படித்தான் தும்முவாராம்.
கடிதம் இல்லை, பணம் இல்லை.
இது மட்டும்
நான் பிறக்குமுன்பே வந்து சேர்ந்துவிட்டது.
தங்கைக்கு வரவில்லை.
அவளுக்கு அவர் காது என்கிறார்கள்.

"நாலு ஜஸ்டஸ், நாலு நல்லா இருக்கு"
என்று சொல்லி முடிக்குமுன்
இன்னொன்று.

அந்தப் பக்கம் ரப்பர் இலைச் சத்தம்,
கத்தியைக் கீழே வைக்கிற சத்தம்.
"ரெட்டைத் தும்மல்லா மேடம்,
நல்லதாக்கும்."