எடைக் குறைவு

காலை நாலரைக்கு மோல்மேன் ஐஸ் ஆலையில்
பன்னிரண்டு கட்டி ஏற்றுவோம், உமியும் சாக்கும் போட்டு.
பாலத்தைத் தாண்டினால் மொத்தமா.
ஊர்ப் பெயரே அப்படி.
போனால் மொத்தமாகத்தான் என்று
முதல் தடவை பாலத்தின் நடுவில் நினைத்தேன்.
சோ லின்னுக்கு இந்தச் சிலேடை புரியாது.
பர்மாக்காரப் பையன். தமிழில் தெரிந்தது
சோறு, சும்மா இரு,
அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை.

முதலில் உதட்டில் எறும்பு ஊரும்.
பிறகு சுண்டுவிரல் மரத்துப்போகும்.
தொண்டையில் ஒரு கொட்டைப்பாக்கு,
விழுங்க விழுங்க அங்கேயே.
வாடகை பாக்கிக்கு வந்தவன் கதவைத் தட்டுவதுபோல்
நெஞ்சு.
மூச்சு இருக்கும், ஆனால்
சட்டைப்பை வரைக்கும்தான் போகும்.
பாலம், கம்பி, கீழே சால்வீன், எதிரே வரும் லாரி
எல்லாம் காலண்டரில் அச்சடித்ததாகத் தெரியும்.
லாரி மட்டும் ஹாரன் அடிக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள்.
கோ வின் மாவுங் என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள்.
அட்டையில் அது நான்தான். வீட்டில் வீரமுத்து.
"இதயம் குதிரை மாதிரி இருக்கிறது" என்றார் டாக்டர்.
குதிரைதான், டாக்டர். அதுதான் கஷ்டமே.

அவர் சொன்ன பெயர் பர்மியத்தில் நீளமாக இருந்தது.
பதற்றம் என்றாள் பவளக்கொடி.
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு வருவது பதற்றம்.
இது பஸ் வந்து, ஏறி உட்கார்ந்து,
ஜன்னலோரமும் கிடைத்த பிறகு வருவது.

செத்துவிடுவேன் என்று
இதுவரை நாற்பத்தொரு தடவை நிச்சயமாகத் தெரிந்தது.
நாற்பத்தொன்றும் தப்பு.
இத்தனை தப்பு செய்யும் கணக்கனை
எந்த ஆலையும் வைத்துக்கொள்ளாது.
நாற்பத்திரண்டாவது வரும்போது மட்டும்
இந்தக் கணக்கு ஞாபகம் வராது.

கைலி முடிச்சைத் தளர்த்துவேன்.
விளக்குக் கம்பங்களைப் பர்மியத்தில்
நூறிலிருந்து கீழே எண்ணுவேன்.
தமிழில் எண்ணினால் நாக்கு தானாக ஓடிவிடுகிறது,
மனசுக்கு வேலை இல்லை, திரும்ப நெஞ்சுக்கே வருகிறது.
சூடான டீயை ஊதுவதுபோல் மூச்சை விடு என்றார் டாக்டர்.
ஊதுகிறேன்.
சில நாள் ஆறுகிறது.

பாலத்தில் வண்டி நிறுத்தக் கூடாது.
சோ லின் இறங்கி பானெட்டைத் தூக்கிவிடுவான்.
காவல்காரர் விசிலோடு வந்தால் "எஞ்சின் சூடு" என்பான்.
ரேடியேட்டர் கேட்காத தண்ணீரை
சொட்டுச் சொட்டாக ஊற்றுவான்.
கன்னத்துத் தனக்கா காற்றில் காய்ந்து வெடித்திருக்க,
ராத்திரி ஆட்டத்தில் பெனால்டி தவறியதை
எஞ்சினிடம் விளக்கிக்கொண்டிருப்பான்.
என்ன ஆச்சு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.
அதற்காகவே சம்பளம் கூட்டிக் கொடுக்கலாம்.
இன்னும் கொடுக்கவில்லை.

நான் பின்னால் ஏறி, சாக்கை விலக்கி,
உள்ளங்கையைக் கட்டிமேல் அழுத்துவேன்.
குளிர், அப்புறம் எரிச்சல், அப்புறம் வலி.
வலி வந்ததும் கை என் கையாகிறது.
மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று
ஒவ்வொருவராக வீடு திரும்புவார்கள்.
கடைசியாக நெஞ்சு,
குடித்தவன் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு.

போன புதன்கிழமை சலூனில் வந்தது,
கழுத்தில் துணியைக் கட்டியதும்.
அங்கே ஐஸ் இல்லை.
பாதி முடியோடு எழுந்து வந்துவிட்டேன்.
மீதியைப் பவளக்கொடி வெட்டினாள். இடது பக்கம் கோணல்.

மொத்தமா மீன் சந்தையில் தராசு டோ ச்சியுடையது.
இன்று ஆறாவது கட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.
ஐந்து விரலும் பள்ளமாகப் பதிந்திருந்தன.
"இது என்ன?"
சோ லின் இறால் கூடைக்குள் எதையோ தேடினான்.
"கை" என்றேன்.
அவள் செதில் ஒட்டிய தன் கையை
அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள்.
சின்னக் கை. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.
பிறகு தராசில் ஏற்றினாள்.
அரை வீசை குறைவு என்று
காசில் கழித்துக்கொண்டாள்.