இரண்டே கால் மீட்டர் வெற்றிடம்

துரங்கோ மலையில் இது எங்களுக்கு ஐந்தாவது மாதம்,
பதினேழாவது துளை.
முந்தைய பதினாறும் எழுதி அனுப்பியாயிற்று:
சராசரி, டன்னுக்கு நாற்பது கிராம் வெள்ளி.
பொன், இருந்தது என்று சொல்லிக்கொள்ளும் அளவு.

சான் எலிகியோவில் கடைசிச் சுரங்கம் மூடி எண்பது வருடம்.
பதினொரு வீட்டில் ஆள் இருக்கிறது.
கூரை போன உருக்காலைக்குள் யாரோ ஆடு அடைக்கிறார்கள்.
ஊரைச் சுற்றிக் கழிவுக் குன்றுகள்,
கள்ளிகூடக் கால் வைக்காத சாம்பல் மேடுகள்.
அன்று வேண்டாமென்று கொட்டியதை
இன்று பையில் அள்ளி, எண் போட்டு, வாய் கட்டுகிறோம்.
விலை ஏறினால்
குப்பைக்கும் தாது என்று பெயர்.

என் வேலை கல் படிப்பது.
குழாய்க்குள்ளிருந்து உருளை உருளையாய் வருவதைப்
பெட்டியில் அடுக்கி, நீர் தெளித்து, லென்ஸில் பார்த்து,
சில நேரம் நாக்கால் நக்கியும்.
ஈரத்தில்தான் கல் தன் நிறத்தைச் சொல்லும்.
படிக நரம்பின் ஓரத்தில்
பென்சில் கிறுக்கியதுபோல் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால்
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
வெள்ளி ஒருநாளும் வெள்ளையாய் வருவதில்லை.

வரைபடம் துணியில் வரைந்தது, 1911.
சிவப்பு மையில் நரம்புகள், நீல மையில் சுரங்கப் பாதைகள்.
நாங்கள் துளைத்த இடத்தில் ஒரு கோடும் இல்லை.
கைபடாத பாறை என்றுதான்
கணினியும் நம்பியது.

வெள்ளிக்கிழமை, மதியம் திரும்பிய நேரம்,
நூற்றெண்பத்தேழாவது மீட்டரில்
எஞ்சின் சத்தம் மாறியது.
நெவாரெஸ் நெம்புகோலில் வைத்த கையை எடுக்கவில்லை.
பிறகு தண்டு தானாக விழுந்தது.
உள்ளே போன தண்ணீர் திரும்பவில்லை.

இழுத்துப் பார்த்தோம்.
கல்லுருளை அளவுக்கே, அதே வழவழப்பாய்,
ஒரு பைன் மர உருளை.
பிசின் வாசம் இன்னும் இருந்தது.
ஒரு பக்கத்தில் மெழுகுக் கொழுப்பு வழிந்த தடம்.
அதற்குக் கீழே இரண்டே கால் மீட்டர் ஒன்றுமில்லை.

"இது முதலாளி தோண்டியதில்லை" என்றான் நெவாரெஸ்.
"முதலாளி தோண்டியிருந்தால் வரைந்திருப்பான்."

ராத்திரி வந்திருப்பார்கள்.
கணக்கில் வராத கைகள், கணக்கில் வராத மெழுகுவத்திகள்.
கறுப்புக் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் போய்
நல்லதை மட்டும் பெயர்த்துக்கொண்டு
கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கிறார்கள்.
இங்கே நரம்பு கொழுத்திருந்தது
என்பதற்கு எங்களிடம் உள்ள ஒரே சாட்சி
இங்கே அது இல்லை என்பது.

வான்கூவரில் இருந்து போன்:
"மரம் கிடக்கட்டும் ஒட்டிலியா,
வெற்றிடத்துக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன?"
அந்தப் பக்கம் இருபது சென்டிமீட்டர்,
அவர்கள் பெயர்க்காமல் விட்ட தோல்.
டன்னுக்குத் தொள்ளாயிரம் கிராம்.
அந்த எண்ணைக் கேட்டதும் அவர் குரல் இளகிற்று.
இன்னும் ஐம்பது மீட்டர் ஆழத்தில் அடுத்த துளை, உடனே.

என் படிவத்தில் மரத்துக்குக் குறியீடு இல்லை.
பொன் வைக்கிற இடத்தில் பூ வைப்பார்கள்;
நான் 'பைன்' என்று வைத்தேன்.
விதிப்படி உருளையை நீளவாக்கில் பாதியாய் அறுத்தேன்:
ஒரு பாதி பெட்டியில்.
மறுபாதிக்கும் எண் போட்டு, கல்லோடு கல்லாய்,
பரிசோதனைக்கு அனுப்பிவிட்டேன்.
விளையாட்டா, கோபமா, தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது.
மரம்: டன்னுக்கு அறுபத்திரண்டு கிராம் வெள்ளி.
எங்கள் பதினாறு துளைகளையும் விட அதிகம்.
இத்தனை காலத் தூசியும் ஊறலும்
இழை இழையாய் உள்ளே இறங்கியிருக்கிறது.

நெவாரெஸிடம் தாளைக் காட்டினேன்.
இரண்டு முறை படித்தான்.
முப்பது வருடம் துளைப்பவன்,
தன் நெஞ்சில் இரண்டு விரலால் தட்டி,
"இதை அனுப்பினால் எவ்வளவு வரும்?" என்றான்.

சிரிப்பு இருமலாகி
அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
வாயைத் துடைத்துக்கொண்டு போய்ப்
பதினெட்டாவது துளைக்கு எஞ்சினைப் போட்டான்.