ஆம் எனில் ஒன்று

பதினொன்றே கால், தேநீர் நேரம்.
புதுவயல் மில்லில்
ஒன்றன்பின் ஒன்றாக எட்டு போன் அடிக்கும்.
நடுவில் மூச்சே வாங்காத ஒரு பெண்:
"வணக்கம். உங்கள் உடல்நலம் பற்றிச் சில கேள்விகள்.
முடிவில் இருபது ரூபாய் ரீசார்ஜ்."

முன்பு பத்து ரூபாய்தான்.
பத்துக்கு யாரும் காது கொடுக்கவில்லை.
இருபது என்றதும்
சேவுகமூர்த்தி மாமியார் போனையும் கொண்டுவந்தான்.
(பிடித்தது போகப் பேசப் பதினாலு சொச்சம்தான் மிஞ்சும்.
ஆனாலும் இருபது.)

அழகுராக்குதான் கண்டுபிடித்தாள்.
இருமல் உண்டா என்னும்போது ஒன்றை அமுக்கினால்
எத்தனை நாளாய், சளி என்ன நிறம்,
ரத்தம் உண்டா, உடம்பு இளைத்ததா,
அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று
நீண்டுகொண்டே போகும்.
இரண்டை அமுக்கினால்
சர்க்கரை, பல், நன்றி.
"ரெண்டப் போடுங்கடி,
டீ ஆறுறதுக்குள்ள காசு ஏறிரும்."

இரண்டு.
இரண்டு.
இருமிக்கொண்டே இரண்டு.
இமையில் உமி, தொண்டையில் உமி.
இருமிய வேகத்தில் சேவுகமூர்த்தி விரல்
நட்சத்திரக் குறியில் விழுந்தது.
"மன்னிக்கவும்" என்றாள் அவள்.
இந்த மில்லில் யாரும் யாரிடமும்
சொல்லிக் கேட்டதில்லை அந்தச் சொல்லை.
கொஞ்ச நேரம் அவன் பேசவேயில்லை.

எங்கோ ஒரு கணினியில்
எங்கள் ஊர் நுரையீரல்
முட்டைப்பூச்சுச் சுவர்போல் வழவழவென்று
பதிவாகியிருக்கும்.

நேற்று டீக்காரப் பையனின் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது.
வேறு காரணமில்லை. நேரம் கிடந்தது.
ஒன்றுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறதென்று
அமுக்கிப் பார்த்தேன்.

எத்தனை வாரம்?
தீபாவளிக்கு முன்னாலிருந்து என்று சொல்ல
பொத்தான் இல்லை. ஒன்பதை அமுக்கினேன்.
இரவில் வியர்க்கிறதா? ஒன்று.
படியேறினால் இளைக்கிறதா? ஒன்று.
இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

விரல் நின்ற இடத்தில்
பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டது.
மேஸ்திரி விசில்.
இணைப்பு அறுந்தது. இருபதும் போச்சு.
அழகுராக்கு தலையில் அடித்துக்கொண்டாள்:
"ஒன்ன யாருடி உண்மைய சொல்லச் சொன்னா?"

ராத்திரி ஒன்பதரைக்கு
சோற்றுக் கையோடு எடுத்தேன்.
அதே குரல், அதே மூச்சில்லாத நிதானம்:
"நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்."

காசைப் பற்றி அவள் இன்னும் சொல்லவில்லை.
நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன்.
அவர் திரும்பிப் பார்த்தார்.
"யாரு?" என்றார்.