எட்டாவது குழி

எட்டுக் குழிக்கு மருந்து கெட்டித்தோம்.
ஏழு வெடித்தது.
மாரப்பன் எட்டாவது விரலை மடக்காமல்
புகை அடங்கும்வரை நின்றான்.

வெள்ளகோயிலுக்கு வடக்கே, சுக்கான்கல் காடு, என் கிணறு.
அறுபதடி. சொட்டு ஈரமில்லை.

சண்டைக்காலத்தில் அவனுக்குக் கடலில் உத்தியோகம்.
கப்பல் வாலில் கம்பி கட்டி இழுப்பார்களாம்.
அடியில் முளைக்குச்சியில் கட்டிக் கிடக்கிற குண்டு
கயிறறுந்து
கொம்பு முளைத்த பானையாய் மேலே வருமாம்.
சுட வேண்டியது.

"முன்னால போற கப்பல் ஓட்டுன சாலுக்குள்ள
பின்னது பத்தரமாப் போயிரும்ங்க."
முன்னது?
"நானு முன்னதுலதானுங்க இருந்தேன்."
பீடி கேட்டான்.

பொழுது சாயக் காத்திருந்தோம்.
கூலி பேசவில்லை.
வேறு யாரும் இறங்குவதாகவும் இல்லை.
இடுப்பில் வடக்கயிறு, கையில் ஒரு சொம்பு,
குழியில் ஊற்றி மருந்தை நனைக்க.
என் கிணறு கண்ட முதல் தண்ணீர்
அதுதான்.

சகடை கிறீச்சிட்டு நின்றது.
கீழே அவன் எதையோ எண்ணுகிறான்,
எனக்குத் தெரியாத பாஷையில்.
அப்புறம் ஓர் இருமல்.
இழுக்கச் சொல்கிறானா, பொறுக்கச் சொல்கிறானா?
கயிற்றை அப்படியே
பிடித்துக்கொண்டிருந்தேன்.