ஒறம்பரை

கொளத்தூர்க் கடையிலிருந்து
ஆம்னி பஸ் டிக்கியில், தெர்மாகோல் பெட்டிக்குள்
ராத்திரி முழுக்க வந்தது குட்டை லயன்.
சுண்டுவிரல் நீளம்.
முதுகில் பதின்மூன்று முள், அத்தனையிலும் விஷம்.

வீரபாண்டி சாயத்தண்ணீர் பிளாண்டில்
பகலெல்லாம் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கிறவன் நான்.
வீட்டுக்கு வந்து
நல்ல தண்ணீரில் உப்பைக் கரைக்கிறேன்,
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
வீட்டுக்காரர் மாராத்தாள் எட்டிப் பார்த்தார்:
"நொய்யல்லயும் உப்புத்தானுங்க,
அங்கயே உட்டுப்போடலாமே."
அந்த உப்பு வேறு என்று சொல்ல வாயெடுத்தேன்.
நான் கடல் பார்த்ததே ஒருமுறை,
திருச்செந்தூரில், ஆட்களின் முதுகுகளுக்கு நடுவே.

நான்காம் நாள் கல்லை நகர்த்தும்போது
குத்திவிட்டது.
தோள்வரை ஏறியது வலி.
பொறுக்கிற சூட்டில் வெந்நீர், அதற்குள் கை,
ஒன்றரை மணி நேரம்.
மறு கையால் சூப்பர்வைசருக்கு ஃபோன்.
"எது குத்துச்சுங்க?"
"மீன்."
"மார்க்கெட்லயா?"

அதுவோ
பாறைக்கடியில் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு
செட்டையை விசிறியாய் விரித்து
என்னைப் பார்த்தபடி இருந்தது, அல்லது
கண்ணாடியைப் பார்த்தபடி.
அது துரத்தி வந்து குத்தவில்லை.
என் கைதான் கேட்காமல் உள்ளே போனது.

பதினோரு நாளாய் இரை தொடவில்லை.
நீள இடுக்கியில் இறால் துண்டைப் பிடித்து
ஆட்டி ஆட்டி மணிக்கட்டு கடுக்கும்.
நேற்று ராத்திரி கரண்ட் போனது.
பேட்டரி பம்ப்பை மாட்டிவிட்டு
சும்மா இருப்பானேன் என்று
இடுக்கியை இறக்கினேன்.
குமிழிச் சத்தம் மட்டும்.
தெரு முழுக்க இருட்டு.

இரும்பு நுனியில்
ஒரே ஒரு வெடுக்.