முப்பத்தொன்றாம் படிவம்

நாற்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்.
முற்றிலும் ஒப்புகிறேன் என்பதில் தொடங்கி
சிறிதும் ஒப்பவில்லை வரை.
காரைக்குடி வெயிலில் மின்விசிறி ஓடிய ஒரு மதியம்
மூன்றாம் ஆண்டு பி.காம்., 'பி' பிரிவில் கொடுத்தேன்.
இருபது நிமிடம் என்றேன்.
எட்டு நிமிடத்தில் முக்கால்வாசிப் பேர்
கேன்டீனில் இருந்தார்கள்.

இரவு, அறையில், எக்செல்லில் ஏற்றுகிறேன்.
ஒருவன் நெடுக மூன்றிலேயே டிக் அடித்திருக்கிறான்,
தண்டவாளம் போட்ட மாதிரி.
ஒருவனுக்கு எல்லாமே ஐந்து.
அவன் மாமா சிங்கப்பூரில் கடை வைத்திருக்கிறார்.
'ஆங்கிலத்தில் தயங்காமல் பேசுவேன்',
அந்த இடத்தில் அழித்து அழித்து
தாளே ஓட்டையாகிவிட்டது ஒருத்திக்கு.

முப்பத்தொன்று.
பெயர் வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும்
ம. அடைக்கலமேரி, புதுவயல்.
முன் அனுபவம்: இல்லை.
பதினெட்டாவது கேள்வி,
'நெருக்கடியில் நானே முடிவெடுப்பேன்'.
ஐந்து கட்டமும் காலி. ஓரத்தில் பென்சிலில்:

'சார், ரைஸ் மில்லுல ராத்திரிக் கணக்கு
அப்பா பேருல நான்தான் எழுதுறேன்.
அவருக்கு சுகர், கண்ணு மங்கிப்போச்சு.
போன செவ்வாய் லோடுல பதினோரு மூட்டை குறைஞ்சுது.
டிரைவர் ஏசினார். முதலாளி போன் எடுக்கல.
கையெழுத்துப் போடமாட்டேன்னு
விடியிற வரைக்கும் லாரிய நிறுத்தி வச்சேன்.
இதுக்கு எத்தனை போடணும் சார்?'

செவ்வாய்க்கு மறுநாள்
முதல் பீரியடில் தூங்கி விழுந்தவளை
எழுப்பி நிற்க வைத்தேன்.
இப்படித் தூங்கினால் எவன் வேலை கொடுப்பான்
என்றும் கேட்டேன்.
சம்பளச் சீட்டு இருந்தால்தான் அனுபவம்,
மற்றதற்கு 'இல்லை' என்று எழுதுங்கள்
எனச் சொன்னவனும் நான்தான்.

எனக்கு முப்பத்தாறு வயது. மணிக்கணக்கில் சம்பளம்.
ஏப்ரலோடு என் ஒப்பந்தம் முடிகிறது.
நான் எந்த லாரியையும் நிறுத்தியதில்லை.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்.
'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பார்கள்.
நான் எழுதிக்கொடுத்த ஆறு வரியை
ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பாள்.
ஆறிலும் மில் இல்லை.

விடுபட்ட பதிலுக்கு ஒன்பது போடச் சொல்கிறது கையேடு.
ஒன்பது என்றால் தகவல் இல்லை.

போட்டேன். அழித்தேன்.
கர்சர் அந்தக் கட்டத்திலேயே
விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கிறது.
முப்பத்திரண்டாம் படிவத்தில்
பேனா கசிந்திருக்கிறது.