மூன்றாவது நூல்

கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் கண்டக்டர் கேட்டார்,
பெட்டியில் என்ன, லக்கேஜ் போடணுமா?
மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.
ராயக்கோட்டையில் தக்காளிக் கூடைகள் ஏறின.
கெலமங்கலம் வரை
பக்கத்து ஸீட்காரர் பெட்டியையே பார்த்து வந்தார்.
சாமி சிலையா என்றார் கடைசியில்.
வயிறு என்று சொல்லியிருக்கலாம்.
மெஷின் சாமான் என்றேன்.

வயிறுதான்.
தண்ணீரும் அகாரும் சேர்த்துக் காய்ச்சிய களி,
மேலே ரப்பர் தோல்,
உள்ளே சென்டிமீட்டருக்கு ஒன்றாக நைலான் நூல்,
மயிரளவு தடிப்பு.
நம் ஈரலுக்குள் ஒலி போகும் வேகத்தில்தான்
இதற்குள்ளும் போகும்.
நோய் கிடையாது, பிள்ளை கிடையாது.
எது எங்கே இருக்கிறது என்று
பார்ப்பதற்கு முன்பே தெரிந்த உடம்பு
இது ஒன்றுதான்.
அதனால் இதைக் காட்டி
மெஷினைக் கேட்கிறோம்:
சொல், உனக்கு என்ன தெரிகிறது?

தேன்கனிக்கோட்டையில் தை மாதக் குளிர்.
களி குளிர்ந்தால் ஒலியின் நடை தளரும்,
அளவு பிசகும்.
இருபத்திரண்டு டிகிரிக்கு வரட்டும் என்று
மேசையில் வைத்துக் காத்திருந்தேன்.
டாக்டர் ருக்சானா டீ வரவழைத்தார்.
வெளியே பெஞ்சில் பதினொரு பேர்.
தெலுங்கில் ஒருத்தி முணுமுணுத்தாள், கன்னடத்தில் ஒருத்தி,
மூன்றாமவள் தமிழில் சத்தமாகவே கேட்டாள்:
"பொட்டிக்கா மொத டோக்கன்?"

ப்ரோபை முதலில் காற்றில் பிடித்தேன்,
ஜெல் இல்லாமல், எதையும் தொடாமல்.
அகலம் முழுக்க ஒரே சீராக
வெளிச்சம் அடுக்கடுக்காய் விழவேண்டும்.
வலப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு
இறங்கியது.
அணைத்துப் போட்டேன். அதே கோடு.
நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை அதன் முகத்தில் ஓட்டி எண்ணினேன்.
நாலு படிகம் செத்திருந்தது.

பிறகு பெட்டி.
ஆழம் சரி. தூரம் சரி.
கிடை வரிசையில்
வலமிருந்து மூன்றாவது நூலைக் காணோம்.

"அந்த இடத்துல தெரியாது, எனக்குத் தெரியும்"
என்றார் டாக்டர்.
"தீபாவளியிலேர்ந்து
மணிக்கட்டைக் கொஞ்சம் நகர்த்தித்தான் பார்க்கறேன். இப்படி."
நகர்த்தினார்.
மூன்றாவது நூல் வந்தது.
நாலாவது போனது.
இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமைகளில்
ஓசூரிலிருந்து வேறொருவர் வருகிறார்.
அவருக்கு அந்த மணிக்கட்டு கிடையாது.

சுவரில் அரசாங்கப் பலகை,
ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை, கேட்பதும் குற்றம்.
மெஷின் சொல்லக்கூடாததற்குப் பலகை உண்டு.
அதனால் சொல்ல முடியாததற்கு
என் படிவம் மட்டும்தான்,
அதிலும் இரண்டே கட்டம்.
மாற்று ப்ரோப் வர ஆறு வாரம் ஆகும்.
"பென்சில்ல எழுதுங்களேன்"
பாதி விளையாட்டாகச் சொன்னார்.
மீதிப் பாதிக்காகக் கொஞ்ச நேரம்
பேனாவை மூடியே வைத்திருந்தேன்.
அப்புறம் தோல்வி என்ற கட்டத்தில் டிக் அடித்து
தேதி போட்டேன்.
தன் கைக்குட்டையால் ப்ரோபைத் துடைத்து
அவரே உறையில் போட்டுக் கொடுத்தார்.

பெஞ்சில் விஷயம் பரவியது.
நாகவேணி எழுந்து வந்தாள், அஞ்செட்டிப் பக்கம்,
யானை இறங்கியிருந்ததால்
விடிந்த பிறகுதான் கிளம்பினாளாம்.
"நாளைக்கு வரட்டுமா?"
ஓசூர் போகணும் என்றேன்.
"எம்மாந் தூரம்?"
நானும் அங்கேதான் போகிறேன், வா.

பஸ்ஸில் ஒரு ஸீட் கிடைத்தது, அவளுக்கு.
நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.
திருப்பத்தில் தடுமாறியதும் கை நீட்டிப்
பெட்டியை வாங்கிக்கொண்டாள்,
அவள் வயிறு விட்டுவைத்த இடத்தில்
அது ஒருவழியாக உட்கார்ந்தது.
"கனக்குதே, உள்ளாற என்னா?"

இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
ஒரு கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு
"எத்தன மாசம்?" என்றாள்.